புதுத் தொழிலும் ஊர் வளமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இவ்விழாவிலே சில வார்த்தைகள் பேச வேண்டுமெனச் செயலாளர் கேட்டபொழுது, சமயத்தைப் பற்றியோ இலக்கியத்தைப் பற்றியோ நான் பேசுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கக் கூடும். நான் பேச எடுத்துக்கொண்டதோ பொருளைப் பற்றியாகும். அதற்காக எவரும் முகஞ்சுளிக்க வேண்டியதில்லை. அறம், பொருள், இன்பம், வீடு என்று நாற்பொருளை வகுத்த நம் முன்னோர் பொருளை இரண்டாவதாக வைத்தனர். திருவள்ளுவர் தமது நூலின் 133 அதிகாரங்களில் 70 அதிகாரங்களைப் பொருட்பாலுக்கே ஒதுக்கினார். பசித்த ஊரில் அறம் நெடுநாள் நிலைப்பதில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

ஓர் ஊர் எவ்வாறு வளம்பெறுகின்றது? நல்ல மண் இருந்தால் வளம் பெறும் என்பர் சிலர். அரசாங்கம் பெருந் தொழிற்சாலை அமைத்தால் வளம் பெறும் என்பர் வேறு சிலர். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் பணம் அனுப்பினால் வளம் பெறும் என்பது இக்காலத்துப் பலருடைய எண்ணம். இவை யாவும் ஓரளவுக்கு உண்மையே. ஆயின் இவற்றுக்கெல்லாம் மேலாக வேறொன்று வேண்டும். நேற்றுவரை ஊரில் இல்லாத ஒரு தொழிலை இன்று தொடங்கத் துணிகின்ற மனிதர் வேண்டும். அவரோடு சேர்ந்து சிந்திக்கின்ற கைவினைஞரும் கலைஞரும் வேண்டும். இதுவே நான் இன்று கூற வந்த பொருள்.

ஜோசப் ஷும்பீட்டர் என்னும் ஒஸ்திரிய நாட்டுப் பொருளியலறிஞர் 1911 இல் வெளியிட்ட நூலொன்றில், பொருளாதார வளர்ச்சிக்குக் காரணமான புதுமைகளை ஐந்தாக வகுத்தார். புதிய பண்டம், புதிய செய்முறை, புதிய சந்தை, புதிய மூலப்பொருள், புதிய அமைப்பு என்பன அவை. இவற்றுள் ஏதேனும் ஒன்றைத் துணிந்து நடைமுறைக்குக் கொண்டுவருபவனையே அவர் தொழில் முனைவோன் என்றார். வெறுமனே பணம் வைத்திருப்பவனை அவர் அப்பெயரால் அழைக்கவில்லை. இவ்வைந்தும் ஐரோப்பாவிலேதான் நிகழ்ந்தன என்று நாம் எண்ண வேண்டியதில்லை. நமது யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரலாற்றிலேயே ஐந்துக்கும் உதாரணம் காட்டலாம்.

முதலாவது, புதிய பண்டம். நல்லூர் ஆறுமுக நாவலரைச் சைவம் காத்தவராகவே நாம் போற்றுகின்றோம். அது தக்கதே. ஆயினும் அவர் ஒரு தொழில் முனைவோருமாவார் என்பதைப் பலர் நினைப்பதில்லை. 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய அவர், பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் வேண்டும், புத்தகத்துக்கு அச்சியந்திரம் வேண்டும் என்பதை உணர்ந்தார். அடுத்த ஆண்டே சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். அதற்கு முன்னரே அமெரிக்க மிஷனார் யாழ்ப்பாணத்தில் அச்சுத்தொழிலை நடத்தினர். 1841 இல் ‘உதயதாரகை’ என்னும் பத்திரிகையும் வெளியிட்டனர். எதிர்த்தரப்பார் கையிலிருந்த கருவியை வெறுத்து ஒதுக்காமல், அதனைக் கற்றுத் தமதாக்கிக்கொண்டதே நாவலரின் பெருமை. பிள்ளைகள் படிக்கும் பாலபாடமும், பெரியோர் படிக்கும் புராண வசனமும் பிழையற்ற பதிப்பாக, எளிய நடையில் வெளிவந்தன. அக்காலத்தில் அது ஒரு புதிய பண்டம்.

அதன் பயன் நாவலரோடு முடிந்ததா? இல்லை. அச்சுக்கோர்ப்போர், மெய்ப்புப் பார்ப்போர், புத்தகங் கட்டுவோர், புத்தகக் கடைக்காரர், எழுத்தாளர் என ஒரு தொழிற் பரம்பரையே யாழ்ப்பாணத்தில் உருவாயிற்று. 1889 இல் ‘இந்து சாதனம்’ வெளிவந்தது. 1930 இல் நா. பொன்னையா அவர்கள் ‘ஈழகேசரி’யைத் தொடங்கினார், சுன்னாகத்தில் இருந்த அவரது அச்சகம் எத்தனையோ இளம் எழுத்தாளருக்குப் பயிற்சிக்களமாக விளங்கியது. 1959 இல் ‘ஈழநாடு’ யாழ்ப்பாணத்திலிருந்தே வெளிவரத் தொடங்கி, தலைநகருக்கு வெளியேயும் நாளிதழ் நடத்தலாம் என்று காட்டியது. 1966 இல் டொமினிக் ஜீவா ‘மல்லிகை’யைத் தொடங்கினார். முடிதிருத்தும் நிலையத்தில் உழைத்த அவர், இதழைத் தாமே கையிற் சுமந்து சென்று விற்றார். நானூறு இதழ்கள்வரை அதனைக் கொண்டு நடத்தினார். பெரிய மூலதனம் அவரிடம் இருக்கவில்லை, விடாமுயற்சியே மூலதனமாயிற்று. ஓரிடத்தில் ஒரு தொழில் வேரூன்றிவிட்டால் அதன் நுட்பம் அயலாருக்கும் அடுத்த தலைமுறைக்கும் தானாகவே பரவும் என்று பொருளியலார் கூறுவதற்கு நமது அச்சுத்தொழிலை விடச் சிறந்த சான்று வேறு வேண்டியதில்லை.

இரண்டாவது, புதிய செய்முறை. ஆறில்லாத நாடு நமது நாடு. சுண்ணாம்புக் கல்லின் கீழே தங்கிய மழைநீரைக் கிணறு தோண்டி இறைத்தே நமது முன்னோர் தோட்டஞ் செய்தனர். ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, ஒருவர் தண்ணீர் கட்ட, விடியுமுன்பே இறைப்புத் தொடங்கும். மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரம் வந்ததும் இந்நிலை மாறிற்று. மூவர் செய்த வேலையை ஒருவர் செய்தார். அதிக நிலம் பயிராயிற்று. 1970 தொடக்கம் 1977 வரை மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியை அரசாங்கம் கட்டுப்படுத்தியபொழுது, அந்த இயந்திரத்தோடு ஆயத்தமாக நின்ற நமது தோட்டக்காரர் நல்ல வருவாய் கண்டனர். உத்தியோகம் கிடையாத படித்த வாலிபர் பலர் வன்னியிலே காடு வெட்டித் தோட்டஞ் செய்யத் துணிந்ததும் அக்காலத்திலேயே.

ஆனால் 1977 இன் பின்னர் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் விலை வீழ்ந்தது. அளவின்றி நீரிறைத்தமையாலும் உரமிட்டமையாலும் கிணறுகள் பல உவராயின. நீரில் நைத்திரேற்றும் கூடிற்று. புதுமை என்பது ஒருமுறை செய்துவிட்டு ஓய்ந்திருக்கும் காரியமன்று என்பதும், நாளைய நீரை இன்றே இறைத்து விற்பது வளர்ச்சியன்று என்பதும் இதிலிருந்து நாம் கற்கும் பாடங்களாம்.

மூன்றாவது, புதிய சந்தை. ‘காகம் பறவாத இடமும் இல்லை, காரைதீவான் போகாத இடமும் இல்லை’ என்பது நம்மூர்ப் பழமொழி. காரைநகர் மக்கள் இலங்கையின் மூலைமுடுக்கெல்லாம் சென்று கடை வைத்தனர். வல்வெட்டித்துறையார் தாமே கப்பல் கட்டிக் கடலோடினர். அங்கே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கினார். வல்வை மாலுமிகளுடன் புறப்பட்ட அக்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. ஏட்டுக்கல்வியால் அன்றி, தந்தையின் அருகே நின்று கண்ணாற் கண்டு கையாற் பழகிய மேத்திரிமார் கட்டிய கப்பல் அது. இன்று ‘படைப்பாற்றல் மிக்க தொழிலாளர்’ என்று அறிஞர் பெரிதாகப் பேசுகின்றனரே, அந்த மேத்திரிமாரை விட அப்பெயருக்கு உரியார் யார்?

புகையிலையின் கதை இதற்கு மறுபக்கம். யாழ்ப்பாணப் புகையிலை நெடுங்காலமாகத் திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியாயிற்று. அந்தப் பணத்தினாலே கல்வீடுகள் எழுந்தன, கோயில்கள் எழுந்தன, பிள்ளைகள் இங்கிலிஷ் படித்தனர். ஆனால் ஒரே பயிர், ஒரே சந்தை. அங்கே தீர்வை கூடியதும், வாங்குவோரின் சுவை மாறியதும் இங்கே அடுப்பு அணைந்தது. பின்னர் சுருட்டுக் கைத்தொழில் தென்னிலங்கைச் சந்தையை நாடி ஓரளவு தாக்குப்பிடித்தது. அதுவும் காலத்தோடு தேய்ந்தது. ஒற்றைக் காலில் நிற்கும் ஊர் ஒரு தள்ளிலே விழும்.

நான்காவது, புதிய மூலப்பொருள். குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம் என்னும் இளைஞர் 1956 இல் நோர்வே நாட்டுக்குச் சென்றார். அந்நாட்டுக்குச் சென்ற முதல் ஈழத்தமிழர் அவரே என்பர். அங்கே மீன்பிடித் தொழிலைக் கற்ற அவர் அங்கேயே வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல், நோர்வே அன்பர்களின் உதவியைத் திரட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பி, சீ-நோர் நிறுவனத்தைத் தொடங்கினார். காரைநகரிலே கண்ணாடியிழைப் படகு கட்டுந் தளமும், குருநகரிலே வலைத் தொழிற்சாலையும் அம்முயற்சியால் உருவாயின. மரத்தால் மட்டுமே படகு கட்டிய கரையிலே புதிய பொருளினாற் படகு கட்டும் தொழில் பிறந்தது. வெளிநாடு செல்வது குற்றமன்று. எதைக் கற்று வருகின்றோம், எதைக் கொண்டு வருகின்றோம் என்பதே கேள்வி.

புதிய பொருளைத் தேடிக் கடல் கடக்கவும் வேண்டியதில்லை. அது வேலியோரத்திலேயே நிற்கின்றது. பனங்கட்டி, பனாட்டு, ஒடியல், பனங்கற்கண்டு, பாய், பெட்டி, தும்பு எனப் பனை தரும் பொருள் ஒன்றிரண்டல்ல. 1978 இல் பனை அபிவிருத்திச் சபையும் அமைக்கப்பட்டது. ஆயினும் பனையைக் கற்பகதரு என்று மேடையிற் புகழும் நாம், பனையேறுகின்ற தொழிலாளியைத் திண்ணைக்கு அப்பால் நிறுத்தினோம். தொழிலைத் தாழ்த்தினால் தொழிலாளியின் மகன் அத்தொழிலை விட்டு ஓடுவான். அவனோடு அந்த நுட்பமும் போய்விடும்.

ஐந்தாவது, புதிய அமைப்பு. நமது மக்கள் கூட்டுறவு முறையை ஆர்வத்தோடு ஏற்றனர். 1936 இல் மூளாயிலே கூட்டுறவு வைத்தியசாலை எழுந்தது. புகையிலை விற்கவும், கடன் கொடுக்கவும், விவசாயப் பண்டங்களைச் சந்தைப்படுத்தவும் சங்கங்கள் தோன்றின. தனியொருவனிடம் இல்லாத மூலதனத்தை நூறு பேரின் சிறுதொகை ஈடுசெய்தது. இதனோடு பெருந் தொழிற்சாலையை ஒப்பிட்டுப் பாருங்கள். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் உற்பத்தியைத் தொடங்கி ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. 1990 இல் போரினால் அது மூடப்பட்டபொழுது எல்லாம் ஒரே நாளில் நின்றன. சுண்ணக்கல் அகழ்ந்த பள்ளங்களே மிஞ்சின. பெருந் தொழிற்சாலை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அதனைச் சுற்றி நூறு சிறு தொழில்கள் முளைத்திருந்தால் விழுந்த பின்னும் விதை எஞ்சியிருக்கும் என்றே சொல்லுகின்றேன்.

அன்பர்களே, இனி நமது சங்கத்துக்கு மிக அண்மையான ஒரு துறைக்கு வருகின்றேன். கோயில் திருவிழா நமக்குப் பத்தி நெறி. அதே வேளை அது ஒரு பெரும் பொருளாதார அமைப்புமாகும். நல்லூர்க் கந்தன் திருவிழா 25 நாள் நடைபெறுகின்றது. அந்நாட்களிலே நாதஸ்வரக்காரர், தவிற்காரர், ஓதுவார், பூமாலை கட்டுவோர், சாத்துப்படி செய்வோர், தேரும் வாகனமுஞ் செய்யும் ஆசாரிமார், மின்னலங்காரஞ் செய்வோர், ஒலிபெருக்கிக்காரர், கச்சான் கடலை விற்கும் மூதாட்டி என்று எத்தனை பேர் அத்திருவிழாவை நம்பி வாழ்கின்றனர்! குடாநாடெங்குமுள்ள கோயில்களின் திருவிழாக்களைக் கணக்கிட்டால், இக்கலைஞர்களுக்கு ஆண்டின் பெரும்பகுதி வேலை உண்டு.

அந்த இடையறாத வேலையே அவர்களது கலையை வளர்த்தது. இணுவிலும் அளவெட்டியும் தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பெயர்பெற்றமை தற்செயலன்று. இணுவில் தந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி அவர்களைத் தமிழகத்துப் பெருவித்துவான்களும் விரும்பி அழைத்தனர். உள்ளூர்க் கோயிற் சபையின் ஆதரவிலே வளர்ந்த கலை கடல் கடந்து மதிப்புப் பெற்றது. ஓர் ஊரில் நன்றாகச் சுவைக்கத் தெரிந்த வாடிக்கையாளர் இருந்தால், அவ்வூரின் தொழிலாளி உலகத்தரத்தை எட்டுவான் என்பது இதன் பொருள்.

இன்று நாம் என்ன செய்கின்றோம்? வெளிநாட்டுப் பணத்தினால் கோபுரங்கள் உயர்கின்றன, மகிழ்ச்சியே. ஆனால் சிற்பியும் வெளியிலிருந்து, வாகனமும் வெளியிலிருந்து, அலங்காரமும் பிளாஸ்ரிக் பூவும் வெளியிலிருந்து என்றால், அப்பணம் ஊருக்குள் வந்த வழியே திரும்பிப் போகின்றது. தமிழகத்துச் சிற்பியை அழைப்பதில் தவறில்லை. அவரோடு நம்மூர்ப் பிள்ளைகள் நால்வர் நின்று பழக வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைக்கலாகாதா? அடுத்த கும்பாபிஷேகத்துக்கு நம்மிடமே சிற்பி இருப்பான் அல்லவா?

நம்மவருக்குப் புதுமை செய்யும் மூளை இல்லை என்று எவரும் கூற முடியாது. 1990 முதற் பல ஆண்டுகள் மின்சாரம் இன்றி, பொருளாதாரத் தடைக்குள் நாம் வாழ்ந்தோம். அப்பொழுது ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சை வைத்து, சிறிது மண்ணெண்ணெய் வார்த்து, இரவு முழுவதும் எரியும் விளக்கைச் செய்தவர் யார்? சைக்கிள் தைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்டவர் யார்? சில துளி பெற்றோலினால் இயந்திரத்தை முடுக்கி, பின்னர் மண்ணெண்ணெயிலே ஓட்டியவர் யார்? சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழத்தினால் உடுப்புத் தோய்த்தவர் யார்? அவ்விளக்கின் ஒளியிலேதான் ஒரு தலைமுறை படித்துப் பல்கலைக்கழகம் புகுந்தது. 1981 இல் நமது நூலகம் எரிக்கப்பட்டு 97,000 நூல்கள் சாம்பராயின. 2005 இல் இளைஞர் சிலர் ‘நூலகம்’ என்னும் பெயரிலேயே இணையத்தில் ஒரு நூல்நிலையம் தொடங்கி, ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் ஒவ்வொரு பக்கமாக மின்வடிவாக்கினர். தீயினால் எரிக்க முடியாத நூலகத்தைக் கட்டிய கூட்டத்துக்குக் கற்பனைத்திறன் இல்லையென்று எப்படிச் சொல்வது?

பின் எது தடையாய் நிற்கின்றது? மூன்று தடைகளைச் சொல்லுவேன்.

முதலாவது, உத்தியோக மோகம். ‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்’ என்று நாம் இன்னமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கின்றோம். சொந்தமாகத் தொழில் தொடங்கிய வாலிபனுக்குப் பெண் கொடுக்கத் தயங்கும் தந்தையர், அவனிலும் குறைந்த சம்பளம் பெறும் எழுதுவினைஞனுக்குச் சீதனத்தோடு கொடுக்கின்றனர். 2022 ஆம் ஆண்டு நெருக்கடியிலே பணத்தின் மதிப்பு வீழ்ந்தபோது, நிலையான சம்பளமும் நிலையானதன்று என்பதை எல்லோரும் கண்டோம்.

இரண்டாவது, தொழிலிலே உயர்வு தாழ்வு கற்பித்தமை. கைவினை தெரிந்த சமூகத்தாரை நாம் நெடுங்காலம் ஒதுக்கி வைத்தோம். அறிவு ஓரிடத்தும், கைத்திறன் ஓரிடத்தும், பணம் வேறோரிடத்தும் தனித்தனியே நின்றமையால் மூன்றும் சேர்ந்து செய்யக்கூடிய தொழில்கள் பிறக்கவேயில்லை. இது சமயத்தின் குற்றமன்று, நமது குற்றம். இந்து வாலிபர் சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்ட நாம் இதனைத் திருத்தாவிடின் வேறு யார் திருத்துவார்?

மூன்றாவது, மூலதனமின்மை. போர் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் பெருகிற்று. உயர்ந்த வட்டிக்கு வாங்கி, அன்றாடச் செலவுக்கு அதனைக் கரைத்து, கடனை அடைக்க மீண்டும் கடன்பட்டுத் தவித்த பெண்கள் பலர். 2018 இல் அரசாங்கமே ஒரு பகுதிக் கடனைத் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. கடன் வேறு, மூலதனம் வேறு. கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் பணம் எவரையும் புதுமை செய்ய விடாது. நட்டமடைந்தாலும் பொறுத்திருந்து, இலாபத்திற் பங்கு கேட்கும் பணமே மூலதனம்.

ஆகவே பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒருவனை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்குக் காணியை விற்றும், நகையை ஈடுவைத்தும், முகவரிடம் பல இலட்சம் கொடுக்கின்றீர்கள். வழியிலே கடலில் மூழ்கினோரும் உண்டு, பனியில் இறந்தோரும் உண்டு. அந்தத் துணிவிலே பாதியை, அந்தப் பணத்திலே பாதியை, ஊரிலே தொழில் தொடங்க விரும்பும் பிள்ளையிடம் காட்டுங்கள். அவன் முதன்முறை தோற்றால் ‘அப்பவே சொன்னேன்’ என்று சொல்லாதீர்கள். தோற்றவனை ஏளனஞ் செய்யும் ஊரில் இரண்டாமவன் முயலமாட்டான்.

வாலிப அன்பர்களிடமும் ஒரு சொல். கிளிநொச்சி அறிவியல்நகரில் நமது பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. கணினியின் முன்னிருந்து உலகத்துக்கே வேலை செய்யும் வாய்ப்பு உங்களுக்கு உண்டு. ஆயினும் கணினி கற்றால் மட்டும் போதாது. பனங்கட்டியைக் காற்றுப்புகாமற் பொதிசெய்வது எவ்வாறு, கிணற்று நீரைச் சிக்கனமாகப் பாய்ச்சுவது எவ்வாறு, மீனைப் பழுதாகாமல் கொழும்புக்கு அனுப்புவது எவ்வாறு என்ற கேள்விகள் உங்கள் வீட்டு வாசலிலேயே கிடக்கின்றன. தோட்டக்காரனோடும் கடற்றொழிலாளியோடும் ஆசாரியோடும் சென்று இருந்து பேசுங்கள். அவர்களிடம் கேள்வி இருக்கின்றது. உங்களிடம் கருவி இருக்கின்றது. இரண்டும் சந்திக்கும் இடத்திலேதான் புதுத் தொழில் பிறக்கும்.

சங்கத்துக்கு என் யோசனை சிறிது. விழாச் செலவிலே ஒரு பங்கை ஒதுக்கி, ஆண்டுக்கு இருவருக்கு வட்டியின்றி முதல் கொடுங்கள். அவர்களுக்கு வழிகாட்ட ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவரையும், தொழில் தெரிந்த பெரியவர் ஒருவரையும் துணை வையுங்கள். இலாபம் வந்தபின் அவர்கள் முதலைத் திருப்பட்டும். அது அடுத்த இருவருக்கு உதவும். பத்து ஆண்டிலே இருபது முயற்சிகள். அவற்றுள் ஐந்து நிலைத்தாலும் அவ்வைந்தைச் சுற்றி ஐம்பது குடும்பங்கள் வாழும். அக்குடும்பத்துப் பிள்ளைகள் இம்மண்டபத்திலே வந்து அமர்வர்.

கோயிலும் பள்ளிக்கூடமும் வாசிகசாலையும் மட்டும் இருந்தால் ஊராகாது. அவற்றை நிரப்ப மனிதர் இருக்க வேண்டும். மனிதர் இருக்க வேண்டுமானால் அவர்களுக்கு இங்கே தொழில் இருக்க வேண்டும். அத்தொழிலை ஆக்குபவர்கள் நீங்களாக இருப்பீர்களாக என்று எல்லாம் வல்ல இறைவனை வேண்டி அமைகின்றேன்.